பைக்கு அடியில் படிக்கிற பேப்பர்

நெல்லையப்பர் கோயில் யானை மேல் சத்தியம். வற்றாத ஆற்றுத் தண்ணி மேல் சத்தியம். இருபத்தெட்டு வருசம் தோளில் தொங்கி, தோளையே ஒரு பக்கமாய்ச் சாய்த்துவிட்ட தோல்பை மேல் சத்தியம். இனிச் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யிருந்தால், நாளைக் காலையில் நாக்கு மட்டும் படுக்கையை விட்டு எழுந்திருக்காமல் போகட்டும். இதற்கு மேல் என்ன சத்தியம் வேணும் உமக்கு? பொய் சொல்கிற அன்றைக்கு நான் சத்தியமே பண்ணுவதில்லை, அதற்குத் தேவையும் இருந்ததில்லை. இது வேற. உட்காரும்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டே கால். பாளையங்கோட்டையில், பேர் எதுக்கு, ஒரு வளவு. கீழே மூன்று வீடு, மேலே மூன்று வீடு. கீழ்வரிசையில் கடைசி வீட்டில் பிச்சையா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, ஜன்னல் இரண்டையும் அடைத்து, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியையும் நிறுத்தினார். சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்துகிறவனை ஊர் என்ன சொல்லும். சொல்லத்தான் சொன்னது. ஒரு நாளைக்கு நாலு தடவை கதவடைக்கிறான், மாசம் ஒரு தடவை வண்டியில் பெட்டி பெட்டியாய் என்னமோ வந்து இறங்குகிறது; சாராயம் என்றது ஒரு வீடு, ரசவாதம் என்றது ஒரு வீடு. பெட்டியில் என்ன என்று கேட்டவர்களுக்குச் சுத்திகரித்த தண்ணி என்று பிச்சையா சொன்னார். பாதி உண்மை. பாதி உண்மை சொல்வதில் அவருக்குப் பழக்கம் உண்டு. முப்பத்தோரு வருசம் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆய்வகத்து உதவியாளர் அல்லவா. முகமூடியைக் கட்டிக்கொண்டார், நகக்கண் வரைக்கும் கை கழுவினார், நாற்காலியில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கினார். தொப்புளுக்குப் பக்கத்தில் இருந்து சுண்டுவிரல் மொத்தத்துக்கு ஒரு குழாய் வெளியே எட்டிப்பார்த்தது. அதைப் பையின் குழாயோடு சேர்த்துத் திருகி, தடுப்பைத் திறந்தார். தரையில் பிளாஸ்டிக் சட்டிக்குள் கிடந்த வெறும்பை மெல்ல வாய் திறந்து குடிக்க ஆரம்பித்தது. இருபது நிமிசம். இந்த இருபது நிமிசத்துக்குள்தான் இந்தக் கதை.

வடியட்டும், பார்க்காதே, பாதி வடிகிற வரைக்கும் பார்க்கக் கூடாது என்று அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் கோமு மாட்டிய நாள்காட்டி, அவள் போன அன்றைய தேதியோடு அப்படியே நின்றது. கிழிக்க வேண்டியவள் இல்லாதபோது தேதியை யார் கிழிப்பது. எட்டு மாசம். மகள் சுபத்ராவுக்கு ஒன்பது வருசம் கழித்து வயிற்றில் தரித்தது, ஷார்ஜாவில் டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொல்லிவிட்டாள், கோமு ஊறுகாய் பாட்டிலும் காயப் பொடியுமாக விமானம் ஏறினாள். ஏறின மூன்றாம் மாசம் பிச்சையாவுக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது, சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் பண்ண வந்து படுக்கிறீர்களா, இல்லை வீட்டிலேயே வயிற்றுக்குள் தண்ணி விட்டு எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். வயிற்றுக்குள்ளா? ஆமா, குடலைச் சுற்றி மெல்லிசா ஒரு சவ்வு எல்லாருக்கும் இருக்கு, அதுக்குள்ள ரெண்டு லிட்டர் சர்க்கரைத் தண்ணிய விட்டு நாலு மணி நேரம் ஊறப் போட்டா, ரத்தத்துல இருக்கிற கசடும் மிச்சத் தண்ணியும் சவ்வத் தாண்டி இந்தப் பக்கம் வந்துரும், அத வடிச்சிட்டுப் புதுத் தண்ணி விடணும் என்று பிரிசில்லா சிஸ்டர் விளக்கிக்கொண்டே போனாள். பிச்சையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சிரிக்கீங்க? ஒண்ணுமில்ல சிஸ்டர், இது உருளைக்கிழங்குல்லா. அவளுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும். முப்பத்தோரு வருசம், வருசத்துக்கு நாற்பது ஐம்பது கிழங்கு, தோல் சீவி, அடியைத் தட்டையாக்கி, நடுவில் குழி தோண்டி, குழிக்குள் சர்க்கரைப் பாகு ஊற்றி, மட்டத்துக்கு ஒரு குண்டூசி குத்தி, தண்ணித் தட்டில் உட்கார வைத்தது அவர் கை. அரை மணி நேரத்தில் வெளித்தண்ணி கிழங்குக்குள் ஏறி, குண்டூசியைத் தாண்டிப் பாகு உயர்ந்து நிற்கும். சவ்வூடு பரவல். இத்தனை கிழங்கின் பாவமும் சேர்ந்து இப்போது ஆளையே குழி தோண்டிப் பாகு ஊற்றிவிட்டது. கோமுவிடம் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தார். கோமுவிடம் சொல்ல முடியாதே என்பதும் அதே மூச்சில் நினைவுக்கு வந்தது.

சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் வந்து இறங்கியிருப்பாள், அது தெரியும். மகள் படுக்கையில், ஒன்பது வருசத்துத் தவம் வயிற்றில், அங்கே ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுக்க நாதி கிடையாது. ஆகவே அல்சர் என்றார். மெலிஞ்சு போயிட்டீகளே என்றாள், அல்சர்னா மெலியத்தானே செய்யும் என்றார். கேமராவைக் கழுத்துக்கு மேல் பிடித்தார். பேத்தி பிறந்தது, இனிமேல் சொல்லலாம் என்று இருந்தார், பிள்ளைக்கு மஞ்சள்காமாலை என்றாள், சரி, தொண்ணூறு நாள் கழியட்டும் என்று விட்டார், கழிந்தது. அப்புறம் சொல்வதற்கு ஒரு தடையும் இல்லை, சொல்லாமல் இருந்த நாள்கள்தாம் தடை. உள்ளே சேரச் சேர உள்ளே கனம் கூடும், கனம் கூடின பக்கத்துக்குத்தான் தண்ணி ஏறும், ஏறினால் வீங்கும், இதை அவர் போர்டில் படமாகவே பார்த்திருக்கிறார். குழாயில் குளுகுளு என்று ஒரு சத்தம். வயிறு கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அடிவயிற்றில் அது என்ன, வலியா? நேற்று இல்லையே. நேற்று ராத்திரி கூட, இல்லை, நேற்று ராத்திரி இருந்தது, வாழைக்காய் தின்றதால் என்று நினைத்தார். வாழைக்காய் தின்னக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இது வாழைக்காய் வலிதான். வாழைக்காய் வலி இப்படி அழுத்தினால் கூடுமா, கையை எடுத்தால் கூடுமா? அழுத்திப் பார்க்கவில்லை. அழுத்தினால் பதில் தெரிந்துவிடும்.

நேற்றுக் காலை, வெள்ளிக்கிழமை, ஆறு மணிப் பை. கை கழுவியாயிற்று, வயிற்றுக் குழாயின் மூடியைத் திறந்தாயிற்று, இந்தக் கையில் இந்த முனை, அந்தக் கையில் அந்த முனை, இரண்டையும் சேர்க்க ஒரு நொடிதான் பாக்கி. அப்போது போன் அடித்தது. கோமு எப்போதும் சாயங்காலம்தான் கூப்பிடுவாள். காலையில் கூப்பிட்டதில்லை. பிள்ளைக்கு என்னமோ என்று கை தானாகப் போய்ப் போனை எடுத்தது. பிரிசில்லா சிஸ்டர் மூன்று வாரம் பாடம் எடுத்தது அந்த ஒரு கைக்குத் தெரியவில்லை. ஒன்றுமில்லை; விடியுமுன்னே பாலுக்கு முழித்த பேத்தி முதல்தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாளாம், தாத்தாவுக்குக் காட்ட வேண்டுமாம். திரையில் பல்லில்லாத ஒரு வாய், அவ்வளவுதான் தெரிந்தது. பத்து நொடி. பன்னிரண்டு இருக்கலாம். அப்புறம் வச்சிருதேன் கோமு, அடுப்புல பால் கிடக்கு என்று சொல்லிவிட்டு, போனைத் தொட்ட அதே விரலோடு அவசரத்தில் முனையைப் பிடித்துத் திருகினார். திருகின பிற்பாடுதான் விரலைப் பார்த்தார். போன், சந்தைக்கு எடுத்துப் போகிற போன், மீன்காரி கொடுத்த சில்லறையோடு பையில் கிடக்கிற போன். தொட்டுருச்சுன்னா ஒரு நிமிசம் கூட யோசிக்காதீங்க, உடனே எனக்குப் போன் பண்ணுங்க, ராத்திரியானாலும் பண்ணுங்க என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். பண்ணினால் வரச் சொல்வாள். வந்தால் படுக்கச் சொல்வாள். படுத்தால், கூட இருக்க யார் என்று கேட்பாள். படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தவர் அவர். போன தடவையே, வீட்டம்மா நம்பர் குடுங்க ஐயா, நாங்களே பேசுதோம் என்றாள். ஆகவே பண்ணவில்லை. கிருமிக்கு என்ன தெரியும், அது சவ்வின் மேல் உட்கார்ந்து பெருகிக்கொண்டிருக்கும். பெருகினால் தண்ணி கலங்கும். கலங்கினால் சவ்வு போகும். சவ்வு போனால் இந்த வேலை நின்றுபோகும். அதற்கு மேலும் ஒன்று போகும், அதைச் சிஸ்டர் மெதுவாகத்தான் சொன்னாள்.

கலங்கியிருக்கா இல்லையா என்று பார்க்க ஒரு வழி சொல்லித் தந்திருந்தாள். வடிந்த பைக்கு அடியில் பேப்பரை வையுங்க. எழுத்து படிக்க முடிஞ்சா ஒண்ணும் பயமில்ல. முடியலன்னா பையோட கிளம்பி வாங்க, தண்ணியக் கீழ ஊத்திராதீங்க. பிச்சையாவிடம் அதற்கென்றே ஒரு தாள் இருந்தது, நாலு மாசமாக அதே தாள், மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகிவிட்டது. சின்ன எழுத்து விளம்பரப் பக்கம். நடுவில் ஒரு கட்டம்: வளர்ப்புக் கிளி காணவில்லை. பச்சை நிறம், வலது காலில் ஒரு விரல் கிடையாது. அக்கா என்று கூப்பிடும். பார்த்தவர்கள் தெரிவிக்கவும், தக்க சன்மானம். ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தக் கிளியை அவர் தேடினார். யாரை அக்கா என்று கூப்பிட்டிருக்கும்? விரல் எப்படிப் போயிருக்கும்? கிளிக்காரிக்குப் போன் பண்ணி விசாரிக்கலாமா என்று ஒரு சாயங்காலம் நம்பரைக் கூட அழுத்திவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டார். இன்றைக்குக் காலைப் பைக்கு அடியில் அந்தத் தாளை வைத்தார். படித்தார். முழுசும் படித்தார், தக்க சன்மானம் வரைக்கும். அப்பாடா என்று தண்ணியைக் கக்கூசில் ஊற்றியும் விட்டார். ஊற்றின பிறகு, பல் துலக்கும்போது, ஒரு சந்தேகம் மெல்லக் கசிந்து வந்தது. படித்தது கண்ணா, மனசா? மனப்பாடமான பாட்டைப் புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு கூடப் பாடலாமே. அந்தச் சந்தேகம் காலையிலிருந்து அவர் கூடவே உட்கார்ந்திருக்கிறது, சோறு தின்னும்போது இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தது.

ஏமாற்றுகிற கைதானே இது. ஒரு வருசம், செய்முறைத் தேர்வு அன்றைக்கு, நாற்பத்திரண்டு கிழங்கு சீவ வேண்டியிருந்தது, விரல் நொந்தது. கொதித்த தண்ணியில் கொஞ்ச நேரம் போட்டால் தோல் தானாய் உரியும் என்று சமையல் கட்டில் கோமு செய்வதைப் பார்த்த புத்தி. போட்டார், உரித்தார், வெண்ணெய் மாதிரி வந்தது. பச்சைக் கிழங்கு மாதிரியேதான் இருந்தது பார்க்க. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று, ஒரு பயல் கிழங்கிலும் பாகு ஏறவில்லை. உயிரியல் வாத்தியார் ஜோசப் சார் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கிழங்க என்னய்யா செஞ்சீரு என்றார். தோல் உரிய லேசா வெந்நியில, சார். சார் தலையில் கை வைத்தார். வெந்த சவ்வு செத்த சவ்வு ஓய்! உசிரிருக்கிற சவ்வுதான் இது வரலாம், அது வரக்கூடாதுன்னு பார்த்து விடும். செத்தது எல்லாத்தையும் விடும், எதையும் வச்சுக்கிடாது. அப்புறம் என்ன, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் டீ குடிக்கப் போன பத்து நிமிசத்தில், பிச்சையா மை ஊற்றுகிற பில்லரை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போய் ஒவ்வொரு கிழங்கிலும் நாலு சொட்டுத் தண்ணி விட்டார். நாற்பத்தோரு கிழங்கில் மட்டம் உயர்ந்தது. ஒரு பெண் மட்டும், செண்பகம் என்று பேர், பில்லரை நீட்டினபோது கையால் கிழங்கை மூடிக்கொண்டாள். வேண்டாம்ண்ணே. விடு பிள்ளா, மார்க் போயிரும். ஏறலையேண்ணே. அவள் தாளில் எழுதியிருந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, ஊதா மசி: நீர் மட்டம் உயரவில்லை. கிழங்கு செத்திருக்கலாம். அவளுக்கு என்ன மார்க் விழுந்தது என்று கேட்க அவர் பயந்தார், அந்த வருசம் மட்டுமில்லை, எல்லா வருசமும். செத்திருக்கலாம். செத்திருக்கலாம். கிழங்குக்குத் தெரியுமா தான் செத்தது? தட்டில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தது.

வடிதல் முடியப்போகிறபோது உள்ளே ஒரு இழுப்பு இழுக்கும், குடலை யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி. இழுத்தது. முகமூடிக்குள் வேர்வை உப்புக் கரித்தது. தாகம். இன்றைக்கு அவர் குடிக்க அளந்த தண்ணியில் அரை டம்ளர்தான் மிச்சம், சாயங்கால மாத்திரைக்கு வேண்டும். பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன, கோமுவின் தையல் மிஷினை மறைத்துக்கொண்டு. சில ராத்திரி அவர் அந்தப் பெட்டிகளிடம் இன்னைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்லியிருக்கிறார். பதில் வராது என்பது தெரிந்த இடத்தில் பேசுவது ஒரு சௌகரியம். குனிந்து தடுப்பை மூடினார். தாளை எடுத்தார். தரையில் விரித்து, அதன் மேல் பையைத் தூக்கி வைத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். வளர்ப்புக் கிளி காணவில்லை. தெரிகிறது. பச்சை நிறம். தெரிகிறதா? ப தெரிகிறது. ப-வா அது? பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் பொங்கல் தள்ளுபடி, ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் பருமன். பொங்கல் தள்ளுபடி, பளிச்சென்று தெரிந்தது! பூசணிக்காய் எழுத்து, சேறு கரைத்த பைக்கு அடியிலும் தெரியும். அவர் கையில் பில்லர் இல்லை, ஆனால் பில்லர் பிடித்த கைதான் அந்தத் தாளைத் திருப்பியது. அது அவருக்கும் தெரிந்தது.

"வே பிச்சையா! பிச்சையா! உள்ள என்னவே, யாகம் நடக்கா?"

மாடிவீட்டுக் கண்டக்டர். நம்பிராசன் என்று பேர், ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர், வாயைத் திறந்தால் ஆகாசப் புளுகு. செங்கோட்டை வண்டியில் ஆறடி முதலை ஒன்று அரை டிக்கெட் கேட்டுச் சண்டை போட்டது என்பது அவர் சரக்கில் ஒன்று. தினமும் மத்தியானம் இறங்கி வந்து கதவைத் தட்டுவார். பிச்சையா மூச்சுக் காட்ட மாட்டார். கொஞ்ச நேரம் கதவோடேயே பேசிவிட்டு மேலே போய்விடுவார். அவர் வீட்டிலும் ஆள் கிடையாது. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை, முதலையைப் பற்றித்தான் சொல்வார்.

"தொறக்காண்டாம்வே, சும்மா கேளும். நேத்து ஆத்துல ஒரு மீன் பிடிச்சேன் பாரும், அதுக்கு ஜலதோஷம். தும்முன தும்முல கரையில நின்ன ஆட்டோ கவுந்துட்டு."

 ஜோசப் சார் வகுப்பில் சொன்னது எங்கிருந்தோ பிச்சையாவுக்கு நினைவு வந்தது. அந்தக் காலத்தில் ஆய்வகக் கதவோரம் நின்று அவர் கேட்ட பாடம் அது, பையன்கள் கேட்டார்களோ என்னவோ. செல்லுக்குச் சுத்தி ஒரு சவ்வு. தண்ணி தானாத் தாண்டும். காத்து தானாத் தாண்டும். ஆனா பெரிசா ஒண்ணு தாண்டணும்னா அதுக்கு முடியாது, வாசல்லயே நிக்கும், எத்தனை நாளானாலும் நிக்கும். அதுக்குன்னு சவ்வுல கதவு இருக்கு, கதவுல ஒரு ஆள் இருக்கான். பஸ் கண்டக்டர் மாதிரி. அவன் கையப் பிடிச்சு ஏத்தினாத்தான் உண்டு. வகுப்பு சிரித்தது. கதவிலே ஒரு ஆள். கதவுக்கு வெளியே மீன் தும்மிக்கொண்டிருந்தது. ஐந்து மாசமாக அவருக்குள்ளே கிடப்பது தானாகத் தாண்டுகிற சரக்கில்லை. கசிந்து வரும் என்று காத்திருந்ததுதான் தப்பு.

எழுந்தார். குழாயும் பையும் வயிற்றோடு தொங்க விட முடியாதே, பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், இரண்டு லிட்டர், வெதுவெதுவென்று பிள்ளை மாதிரி. நாலு எட்டு. தாழ்ப்பாளை இழுத்தார்.

கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். முகமூடி, தூக்கின சட்டை, வயிற்றிலிருந்து குழாய், இடுப்பில் பை. "என்னவே இது" என்றார். குரல் சின்னதாக இருந்தது.

"உள்ள வாரும். மொதல்ல கையைக் கழுவும். சோப்பு போட்டு. இதைக் கட்டும் வாயில." இன்னொரு முகமூடியை நீட்டினார். கண்டக்டர் வாயைக் கட்டின முதல் நாள் அதுதான்; வளவில் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

பிச்சையா தாளைத் திருப்பி விரித்தார், கிளிப் பக்கம் மேலே வர. பையை வைத்தார். "கண்டக்டரே, இதுக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு படியும். நடுக்கட்டம். எனக்கு நம்பிக்கையில்ல என் கண்ணு மேல."

கண்டக்டர் முட்டிபோட்டுக் குனிந்தார். பையைப் பார்த்தார், நிமிர்ந்து பிச்சையாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, அதை மட்டும் அவர் ஒரு தப்பில்லாமல் படித்திருக்க வேணும். தொண்டையைச் செருமினார்.

"நல்லாத் தெரியுதே! தென்காசி பக்கத்துல ஆலங்கட்டி மழை. ஒவ்வொரு கட்டியும் தேங்காய் சைஸு. விவசாயிகள் மகிழ்ச்சி."

பிச்சையா பையைத் தாள் மேல் சரியாக நகர்த்தினார். "இன்னொரு தடவை படியும்" என்றார்.

"ஆலங்கட்டி... அம்பாசமுத்திரம் பக்கத்துல..."

"தென்காசின்னீரு."

"ரெண்டு ஊருலயும் பெய்ஞ்சிருக்குவே." கண்டக்டர் தலையைத் தூக்கவில்லை. முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. கண்ணுக்குப் பொய் சொல்ல வராது போலிருக்கிறது. "பிச்சையா. ஒரு எழுத்தும் தெரியலவே. கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கு. தெரியணும்னு நீரு நின்ன நிலையைப் பாத்துட்டு எனக்குத் தெரியலன்னு சொல்ல வாய் வரல."

அப்போது ஒன்று நடந்தது. பிச்சையா சிரித்தார். அடிவயிறு வலிக்க வலிக்க, குழாய் ஆட ஆடச் சிரித்தார். தேங்காய் சைஸு, விவசாயிகள் மகிழ்ச்சி! கண்டக்டர் இது சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முதுகைத் தடவிக் கொடுத்தார். முதுகில் ஒரு கை பட்டு எட்டு மாசம் ஆகிவிட்டது என்று பிச்சையாவின் முதுகுக்குத் தெரிந்தது. தோல் என்பதும் உயிரோடு இருந்தால்தான் உணரும்.

சிஸ்டருக்குப் போன் போட்டார். "சிஸ்டர், கலங்கிட்டு. நேத்துக் காலையில தொட்டுட்டேன். சொல்லல." அந்தப் பக்கம் திட்டு விழுந்தது, நல்ல திட்டு, கேட்டுக்கொண்டார். புதுத் தண்ணி விடாதீங்க, மூடியப் போட்டு, பையோட வாங்க. கூட யாரு வாரா? பிச்சையா திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் அதற்குள் மஞ்சப்பையை உதறிக்கொண்டிருந்தார். "ஆள் இருக்கு சிஸ்டர்" என்றார்.

ஆட்டோவில் கலங்கின பை கண்டக்டரின் மடியில் இருந்தது, மஞ்சப்பைக்குள், இரண்டு கையாலும் அணைத்தபடி. வண்டி மார்க்கெட் முக்கில் திரும்பும்போது பிச்சையா போனை எடுத்தார். காய்ச்சல் வேறு ஏற ஆரம்பித்திருந்தது. அங்கே ஒன்றே கால் மணி இருக்கும், பிள்ளை தூங்குகிற நேரம். வேண்டாம், நாளைக்குச் சொல்லலாமே? நாளைக்கு என்று ஒன்று இருந்தால்தானே, ஓய். கிழங்கை மூடிக்கொண்ட அந்தச் சின்னக் கை நினைவுக்கு வந்தது. அழுத்தினார்.

"என்ன இந்நேரத்துல? சாப்பிட்டீகளா?"

"கோமு. அல்சர் இல்ல."

"என்னது?"

"அல்சர் இல்ல கோமு. நான் முதல்லேருந்து சொல்லுதேன். நடுவுல அழாமக் கேளு."

கண்டக்டர் நாகரிகம் தெரிந்தவர். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு, போகிற வருகிற பேருந்து எல்லாம் நேரத்துக்குப் போகின்றனவா என்று பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் காதுக்குள் இருப்பதும் சவ்வுதானே. சிலதைத் தள்ளும், சிலதை உள்ளே விடும். கால் வீங்கின நாளிலிருந்து போனைத் தொட்ட விரல் வரைக்கும், பில்லர், கிழங்கு, கிளி எல்லாம் விட்டது. ஆஸ்பத்திரி வாசல் வந்தும் பேச்சு நிற்கவில்லை. ஆட்டோக்காரன் மீட்டரை நிறுத்திவிட்டு அவனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கோமு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினாள், சுபத்ராவோடும் பிள்ளையோடும். மூன்று பேருமே வருவார்கள் என்பது பிச்சையாவின் மண்டையில் அதுவரை உதிக்கவே இல்லை. வந்தவள் முதலில் திட்டினாள், அப்புறம் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தாள், அப்புறம்தான் அழுதாள். பைக்குள் மருந்து கலந்து விட்டு விட்டு எடுத்தார்கள். ஐந்து நாள் கஞ்சித் தண்ணிதான். ஆறாம் நாள் மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், வடிந்த பைக்கு அடியில் அந்தத் துணி மாதிரித் தாளை வைத்து, இந்தத் தடவை கண்டக்டரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கச் சொன்னார்கள். கண்டக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். அறையில் பிள்ளை கூடச் சத்தம் போடவில்லை. "வளர்ப்புக் கிளி காணவில்லை" என்று ஆரம்பித்தார். "பச்சை நிறம். வலது காலில்..." பிச்சையா கண்ணை மூடிக்கொண்டார். மீதியை அவர் கேட்கவில்லை, கேட்க வேண்டியது இல்லை.

அவ்வளவுதான். இதை நீர் எங்கே வேணும்னாலும் சொல்லும், டீக்கடையில் சொல்லும், வண்டியில் சொல்லும். ஆட்டோவில் பேசினது எப்படி வெளியே வந்தது என்று கோமு கேட்டால், உமக்குத் தெரியாது. மடியில் பையை வைத்திருந்தவன் சொன்னான் என்று மட்டும் வாய் தவறிக்கூட விட்டுவிடாதேயும்.